குழந்தையின் முதல் ஆண்டு: வளர்ச்சியும் ஊட்டமும்

பிறந்த அன்று ஏறத்தாழ 3 கிலோ எடையுள்ள குழந்தை 5 மாத அளவில் அதன் இருமடங்கையும், ஆண்டு நிறைவில் மும்மடங்கையும் அடைகிறது. 50 சென்டிமீட்டர் நீளம் 75 ஆகிறது. மூளையின் பருமன் அவ்வோராண்டிலேயே இருமடங்காகப் பெருகுகிறது. பிறந்தபின் வேறெந்த ஆண்டிலும் இத்துணை விரைவான வளர்ச்சியைக் காண இயலாது. இதற்கு வேண்டிய பொருள் யாவும், கருவில் சேர்த்துக்கொண்ட சிறு இருப்பு நீங்கலாக, முதல் 6 மாதங்கள் தாய்ப்பால் ஒன்றிலிருந்தும், அடுத்த 6 மாதங்கள் தாய்ப்பாலுடன் நாம் ஊட்டும் உணவிலிருந்துமே வந்தாக வேண்டும்.

புலால் மறுத்தலை நெறியாகக் கொண்ட நம் இல்லங்களில் குழந்தைகள் நலமுடன் வளர்கின்றனர் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் கண்டுவரும் உண்மை. எனினும் நம் உணவு முறையில் கருத்துடன் நோக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி நம் குடும்பங்களில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்றே கருதுகிறோம். அதனைக் கூறுமுன் குழந்தையின் வளர்ச்சிப் படிகளைக் காண்போம். ஊட்டக் குறைவு பல வேளைகளில் முதலில் தென்படுவது எடையில் அன்று, இப்படிகளிலேயே ஆகும்.

செங்கீரை முதல் வருகை வரை

குழந்தையின் வளர்ச்சியை மாதவாரியாகப் பகுத்து நோக்கும் வழக்கம் மேலைநாட்டு மருத்துவத்திலிருந்துதான் நமக்கு வந்தது என்று எண்ணுவோர் உளர். பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை அறிந்தோர் அவ்வாறு கூறார். அவ்விலக்கியத்திற்கு இலக்கணம் வகுத்த பாட்டியல் நூல்களுள் ஒன்றான வெண்பாப் பாட்டியலை இயற்றிய குணவீர பண்டிதர் நம் சமயத்தவர். தம் ஆசிரியர் பெயரால் அந்நூலுக்கு வச்சணந்தி மாலை என்றும் பெயர் வழங்கச் செய்தவர். பிள்ளைத்தமிழின் பருவங்களுள் செங்கீரை 5ஆம் மாதத்திற்கும், தால் 7ஆம் மாதத்திற்கும், சப்பாணி 9ஆம் மாதத்திற்கும், முத்தம் 11ஆம் மாதத்திற்கும், வருகை 13ஆம் மாதத்திற்கும் உரியனவாகப் பெரும்பாலும் கொள்ளப்படுகின்றன. நூலுக்கு நூல் சிறு வேறுபாடு உண்டு.

குழந்தை ஒரு காலை மடக்கி, மற்றொரு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவதே செங்கீரை. குப்புற விழுந்த 5 மாதக் குழந்தை கைகளை ஊன்றி மார்பை உயர்த்துகிறதா என்று இன்றைய மருத்துவர் பார்ப்பதும் இதனையே. தால் என்பது நாவைக் குறிக்கும். தாய் நாவசைத்துப் பாடும் அப்பருவத்தில்தான் குழந்தையும் தா, பா, மா என்று ஒரே ஒலியை அடுக்கிச் சொல்லத் தொடங்குகிறது. சப்பாணி கொட்டுதல், அதாவது இரு கைகளையும் நடுவில் கொணர்ந்து சேர்த்தல், 9 மாத அளவில் எதிர்பார்க்கப்படும் செயல். முத்தம் கேட்டால் தர வேண்டுமாயின் கேட்கும் சொல் விளங்க வேண்டும். பேச்சு வருவதற்கு முன்னரே பொருள் விளங்கும் பருவம் 11ஆம் மாதம். வருகை நடக்கும் பருவம் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. புலவர்கள் இவற்றைப் பாட்டுக்காக வகுத்தனர் என்றாலும், உற்று நோக்கிய தாய்மார்களிடமிருந்தே பெற்றிருக்க வேண்டும் என்பது நம் கருத்து.

செங்கீரைக்கு முந்திய படிகளும் உள. 6 முதல் 8 வாரங்களுக்குள் குழந்தை தாயின் முகம் கண்டு சிரிக்கும். தூக்கத்தில் தானே சிரிப்பது வேறு, முகம் கண்டு சிரிப்பது வேறு. 4 மாதத்திற்குள் கழுத்து நிற்கும்.

மாதக் கணக்கு கயிறு கட்டி அளப்பது போன்றதன்று என்பதையும் இங்கே கூறுதல் வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியா உள்ளிட்ட 5 நாடுகளின் நலமான குழந்தைகளைத் தொடர்ந்து நோக்கி 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, பிடிப்பின்றி உட்காருதல் ஏறத்தாழ 4 முதல் 9 மாதங்களுக்குள்ளும், தானே நடத்தல் 8 முதல் 17½ மாதங்களுக்குள்ளும் நிகழ்கின்றன. அவர்களுள் 100க்கு 4 பேர் தவழாமலேயே நடந்துள்ளனர். ஆதலால் அண்டை வீட்டுக் குழந்தை 10 மாதத்தில் நடந்தது, நம் குழந்தை நடக்கவில்லை என்று வருந்துதல் வேண்டா. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, பிறந்த நாளிலிருந்து அன்றி, பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து கணக்கிட வேண்டும்.

நடையை விரைவுபடுத்த எண்ணி, குழந்தையை நடுவில் உட்கார வைத்துச் சக்கரத்தில் உருளவிடும் வட்ட வண்டியை வாங்குவோர் பலர். அது நடையை விரைவுபடுத்துவதில்லை. படிகளில் உருண்டு விழும் இடர் மிகுதி என்பதால் கனடா நாடு 2004இல் அதன் விற்பனையையே தடை செய்தது. எழுந்து நிற்கும் குழந்தை தானே பிடித்துத் தள்ளிச் செல்லும் நம் மூன்று சக்கர மர நடைவண்டி வேறு வகை.

எவ்வாறாயினும் சில நிலைகளில் காத்திருத்தல் கூடாது. 3 மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காமை, 5 மாதமாகியும் கழுத்து நில்லாமை, 10 மாதமாகியும் பிடிப்பின்றி உட்காராமை அல்லது ஒலிகளை அடுக்கிச் சொல்லாமை, ஒலி வந்த பக்கம் திரும்பாமை ஆகியன மருத்துவரிடம் காட்ட வேண்டியவை. எல்லாவற்றினும் முதன்மையானது, வந்த திறன் மறைதல். சிரித்த குழந்தை சிரிப்பை விடுதலும், நின்ற கழுத்து தளர்தலும், சப்பாணி கொட்டிய கை கொட்டாது போதலும் எந்த மாதத்திலும் இயல்பன்று.

தாயின் உணவும் உயிர்ச்சத்து பி-12ம்

இவ்வாறு வந்த திறன் மறைவதற்குரிய காரணங்களுள் ஒன்று நம்மோடு நெருங்கிய தொடர்புடையது. 1962இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களான ஜாதவ், வெப், பேக்கர் முதலியோர் தென்னிந்தியக் குழந்தைகள் சிலரிடம் கண்ட ஒரு நோயை லான்செட் என்னும் மருத்துவ இதழில் விவரித்தனர். தாய்ப்பால் மட்டுமே அருந்தி வந்த அக்குழந்தைகள் முதல் சில மாதங்கள் நன்றாக வளர்ந்து, பின்னர் சோர்ந்து, கற்றதை மறந்து, இரத்தம் குறைந்து, தோல் கறுத்துக் காணப்பட்டனர். தாய்மார்களிடம் உயிர்ச்சத்து பி-12 குறைந்திருந்தது; அதனால் அவர்தம் பாலிலும் அது குறைந்திருந்தது. நம் மக்கள் மிகுதியாக வாழும் வந்தவாசி, ஆரணி, போளூர், செய்யாறு பகுதிகளிலிருந்து வேலூர் எத்துணை அண்மையில் உள்ளது என்பதை வாசகர்கள் அறிவர்.

பி-12 என்பது இரத்தம் ஊறவும், நரம்புகளின் மேலுறை அமையவும் இன்றியமையாத சத்து. நெல், பருப்பு, கீரை, காய், கனி எவற்றிலும் அது இல்லை. பசு தின்னும் புல்லிலும் இல்லை. பசுவின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே அதனை ஆக்குகின்றன. அங்கிருந்து பாலுக்கு வருகிறது. எனவே புலால் உண்ணாதாருக்குப் பாலும் தயிரும் மோருமே அதன் இயற்கை வாயில்கள். 200 மில்லி பாலில் ஏறத்தாழ 0.8 முதல் 1 மைக்ரோகிராம் பி-12 இருக்கும். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேலும், பாலூட்டும் தாய்க்கு 3 அளவிலும் தேவை. காப்பியில் ஊற்றும் பாலும் சாதத்தில் பிசையும் ஒரு கரண்டித் தயிரும் இக்கணக்கை நிறைவு செய்யா என்பது வெளிப்படை. இட்லி மாவிலும் கீரையிலும் பி-12 உண்டு என்று சொல்லப்படுவதை நம்பித் தாய்மார் இருத்தல் கூடாது. நம்பத்தக்க அளவில் அவற்றில் இல்லை.

வளர்ந்தவரின் ஈரலில் இச்சத்து சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிக்கப்பட்டிருக்கும். பிறந்த குழந்தையின் சேமிப்போ மிகச் சிறிது; தாயிடம் குறைவாக இருந்தால் அதுவும் இராது. ஆகவே தாய்க்கு யாதொரு நோயும் தென்படாத நிலையிலேயே குழந்தை பாதிக்கப்படுதல் கூடும். 4ஆம் மாதம் முதல் 10ஆம் மாதம் வரை, அதாவது செங்கீரை முதல் சப்பாணி வரையிலான பருவத்திலேயே, அறிகுறிகள் தோன்றுகின்றன.

இதில் நம்மை ஏமாற்றும் செய்தி ஒன்று உண்டு. அக்குழந்தை பெரும்பாலும் மெலிந்திராது, கொழுகொழுவென்றே இருக்கும். அழாது, அடம் பிடிக்காது, போட்ட இடத்தில் கிடக்கும். வீட்டார் 'அமைதியான குழந்தை' என்று பாராட்டுவர். கூர்ந்து நோக்கினால் முகம் வெளுத்திருக்கும். கைவிரல் முட்டிகள் கறுத்திருக்கும். தலைமுடி செம்பட்டையாகி அடர்த்தி குறைந்திருக்கும். தாயின் முகத்தைத் தேடாது. கஞ்சி ஊட்டினால் துப்பும். மேலும் முற்றினால் கை, தலை, நாக்கு நடுங்கத் தொடங்கும். இந்நிலையில் பி-12 மருந்து செலுத்தினால் சில நாட்களிலேயே குழந்தை முகம் பார்க்கத் தொடங்கும். மருந்து தொடங்கிய பின் நடுக்கம் சிறிது காலம் மிகுவதும் உண்டு. மருத்துவர் அதற்கும் வழி செய்வார். நீண்ட நாள் கவனியாது விட்டாலோ, மருந்தளித்த பின்னும் அறிவு வளர்ச்சியில் ஒரு பின்னடைவு நிலைத்துவிடக் கூடும். எளிதில் தீர்க்கத்தக்க ஒன்று தீராததாவது இந்தத் தாமதத்தினால்தான்.

கருவுற்ற தாய்மார்க்கு அரசு மருத்துவமனைகளில் தரப்படும் மாத்திரையில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு, பி-12 இல்லை. அதனைத் தவறாது உட்கொண்ட தாய்க்கு இரத்த அளவு சீராகத் தோன்றலாம். பி-12 குறைவு உள்ளேயே இருக்கலாம். ஆதலால் கருவுற்ற தொடக்கத்திலேயே 'நாங்கள் புலால் உண்பதில்லை, பி-12 பார்க்க வேண்டுமா?' என்று மருத்துவரிடம் வாய் திறந்து கேட்டல் நலம். இம்மாத்திரை உயிரினங்களின் உடலிலிருந்து எடுக்கப்படுவதன்று. நுண்ணுயிர்களை வளர்த்து ஆக்கப்படுவது. மாத்திரையினும் அதனை அடைக்கும் உறையே ஐயத்திற்குரியது. மென்மையான கூடுகள் பல, விலங்குகளின் எலும்பிலும் தோலிலும் எடுக்கும் ஜெலட்டினால் ஆனவை. கூடு இல்லாத மாத்திரையாகவோ சொட்டு மருந்தாகவோ கேட்டுப் பெறலாம். பசுக்களுக்கு இழைக்கப்படும் துன்பம் கருதிப் பாலையும் அண்மைக் காலத்தில் நீக்கியுள்ள இளைய குடும்பத்தினர் நம்மிடையே சிலர் உளர். அவர்தம் கருணை போற்றத்தக்கது. ஆனால் அவ்வீட்டில் கருவுற்றவளும் பாலூட்டுபவளும் பி-12 மாத்திரை இன்றி ஒரு மாதமும் இருத்தலாகாது.

நோன்பும் பத்தியமும்

பாலூட்டும் தாய்க்கு முதல் 6 மாதங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 கலோரி கூடுதலாக வேண்டும். நம் பக்கத்துப் பத்தியமோ இதற்கு எதிராக நிற்கிறது. காய் கூடாது, பருப்பு கூடாது, தண்ணீர் குறைத்துக் குடி, தயிர் சேர்த்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று விலக்கி, தாய் பி-12 பெறத்தக்க வாயிலையும் அடைத்து விடுகிறோம். தயிர் உண்ட தாயின் பாலால் குழந்தைக்குச் சளி பிடிப்பதில்லை.

கதிரவன் மறைவதற்கு முன் உண்ணும் நெறியைக் கடைப்பிடிக்கும் தாய்மார், பகலுணவை மூன்று வேளையாக அன்றி ஐந்து வேளையாகப் பகுத்துக்கொண்டால் நெறிக்கும் இழுக்கில்லை, பாலுக்கும் குறைவில்லை. அட்டமி, சதுர்த்தசி நாட்களில் முழு உபவாசம் இருக்க விரும்பும் இளம் தாயை, இவ்வோராண்டு வேண்டா என்று மாமியாரே தடுத்தல் வேண்டும். முனிவர் ஆகாரம் ஏற்கும் முறையைக் கூறும் மூலாசாரம், பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தையை விலக்கி வைத்துவிட்டு வந்து ஒருத்தி இடும் உணவை ஏற்பது குற்றம் என்று விலக்குகிறது. அறம் செய்ய வந்தவளையும் முதலில் குழந்தையிடம் திருப்பி அனுப்பும் நெறி நம்முடையது. குழந்தைக்கு இரவில் பாலூட்டலாமா என்று கேட்போரும் உளர். எட்டு வயதிற்கு முன் விரதம் ஏற்கும் தகுதியே இல்லை என்பது நம் ஆகமக் கொள்கை. கேட்ட பொழுதெல்லாம் பால் தருக.

பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் தருதல் வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுதல் பெருந்தவறு. சேனை தொட்டு வைத்தல் என்று சர்க்கரை நீர் தருவதும், கழுதைப் பால் புகட்டுவதும், வசம்பும் மாசிக்காயும் இழைத்த உரைமருந்தும் 6 மாதம் முடியும்வரை வேண்டா. தேனை நாம் அறத்தின்பொருட்டு விலக்கினோம். இன்று மருத்துவ உலகமும், தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நச்சு நுண்ணுயிரின் விதைகள் பச்சிளங் குடலில் முளைத்து உடலைத் தளரச் செய்யும் என்பதால், ஓராண்டு நிறையும்வரை தேன் ஒரு துளியும் கூடாது என்கிறது. சேனைக்குத் தேன் கொண்டு வரும் உறவினரிடம் இரண்டு காரணங்களையும் சொல்லலாம்.

ஆறு மாதத்திற்குப் பின்

180 நாள் நிறைந்தவுடன் சோறூட்டத் தொடங்க வேண்டும். அதற்கு முன் தொடங்குதலும் தவறு. நல்ல நாள் பார்த்து 8ஆம், 9ஆம் மாதம் வரை தள்ளுதலும் தவறு. கருவில் பெற்ற இரும்புச் சத்தின் இருப்பு 6 மாத அளவில் தீர்ந்துவிடும். தாய்ப்பாலில் இரும்பு மிகக் குறைவு.

நம் வீடுகளில் முதலில் தருவது பருப்புத் தண்ணீர். அதில் இருப்பது தண்ணீரே. பருப்பு வீட்டாருக்குப் போகிறது. அரிசி இரண்டு பங்கும் பாசிப்பருப்பு ஒரு பங்கும் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு சிறு கரண்டி நெய் விட்டுத் தருவதே உணவு. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகி ஓடாமல் ஒட்டி நிற்கும் பதம் வேண்டும். இரண்டு மூன்று கரண்டியில் தொடங்கி, 8ஆம் மாதத்திற்குள் 250 மில்லி கிண்ணத்தில் அரைக் கிண்ணமாக, நாளுக்கு 2 அல்லது 3 வேளை. 9ஆம் மாதம் முதல் 3 அல்லது 4 வேளை. இவை யாவும் பகலிலேயே அடங்கிவிடும். 9ஆம் மாதத்தில் மிக்சியில் கூழாக அரைப்பதை நிறுத்திக் கையால் மசித்துத் தர வேண்டும். மெல்லப் பழகாத குழந்தை பின்னர் திரளையாக உள்ள எதையும் ஏற்பதில்லை.

மருத்துவர் உருளைக்கிழங்கும் கேரட்டும் எழுதித் தந்தால் கிழங்கு விலக்கிய இல்லத்தார் மயங்க வேண்டியதில்லை. கேரட்டில் உள்ள வைட்டமின் ஏ சத்தைப் பரங்கிக்காயும் பப்பாளியும் மாம்பழமும் தரும். உருளைக்கிழங்கின் மாவுச்சத்தை வாழைப்பழமும் சோறுமே தரும். கேழ்வரகு, பருப்பு, கீரை ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேர்வதில்லை. ஊட்டும் வேளையில் தக்காளி மசித்துச் சேர்த்தாலும், சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டாலும், பின் ஒரு துண்டு கனிந்த கொய்யாவை விதை நீக்கி மசித்துத் தந்தாலும் நன்கு சேரும். நம் வட்டாரத்து வேர்க்கடலையை வறுத்து விழுதாக அரைத்துக் கஞ்சியில் கலக்கலாம். முதல் முறை சிறிதளவே தந்து பார்க்க வேண்டும். முழுக் கடலையைக் கையில் கொடுத்தல் ஆகாது. மூச்சுக் குழலில் அடைக்கும். உப்பும் சர்க்கரையும் இவ்வாண்டு வேண்டா. சிறிது தயிர் தரலாம். பசும்பாலைத் தாய்ப்பாலுக்கு மாற்றாகத் தருவது ஆண்டு நிறைந்த பின்னரே.

இவ்வளவு செய்தும் புலால் உண்ணாத வீட்டுக் குழந்தைக்கு இரும்பு முழுதும் உணவாலேயே கிடைக்கும் என்று உறுதி கூற இயலாது. 6 மாதம் முதல் வாரம் இருமுறை 1 மில்லி இரும்பு ஃபோலிக் அமில மருந்து அரசுத் திட்டத்தில் இலவசமாகவே வழங்கப்படுகிறது. மலம் கறுக்கிறது என்று அஞ்சி நிறுத்துவோர் பலர். அது மருந்தின் நிறமே. முதல் ஆண்டு முழுவதும் நாள்தோறும் 400 அலகு வைட்டமின் டி சொட்டு மருந்தும் குழந்தை மருத்துவர் கூறுவதே.

பிற பேணல்களைச் சுருங்கச் சொல்வோம். குழந்தையை மல்லாந்த நிலையில் உறங்க வைத்தல் வேண்டும். எண்ணெய் தேய்த்தல் நன்று. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல் தீது. கடையில் வாங்கும் கண் மையில் ஈயம் கலந்திருத்தல் கூடும். சாம்பிராணிப் புகை இளம் நுரையீரலுக்கு ஒவ்வாது. தடுப்பூசிகள் பிறந்த அன்றும், 6, 10, 14ஆம் வாரங்களிலும், 9ஆம் மாதத்திலும் இடப்படுகின்றன. காய்ச்சல் வரும் என்று தள்ளிப்போடலாகாது.

தடுப்பூசிக்குச் செல்லும் அந்நாட்களில் தாயும் சேய் நல அட்டையும் செல்வது போலவே, குழந்தை என்று சிரித்தது, என்று கவிழ்ந்தது, என்று சப்பாணி கொட்டியது என்று வீட்டில் குறித்த தாளும் உடன் செல்லட்டும். ஐந்து நிமிடம் மட்டுமே காணும் மருத்துவருக்கு, வந்த திறன் ஒன்று மறைந்ததா என்பதைச் சொல்ல வல்லது அத்தாள் ஒன்றே. ஐயம் எழுந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் உள்ள தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் வளர்ச்சிப் படிகளைக் கட்டணமின்றிச் சோதித்துப் பார்க்கின்றனர்.